தினம் 40 நிமிடம் கிட்டார்: எதை வாசித்தால் கை பழகும்?

கிட்டார் வாங்கி ஒன்றிரண்டு வருடம் ஆனவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஓப்பன் கார்ட்டுகள் கைக்கு வந்துவிட்டன. எஃப் கார்ட் பெரும்பாலும் சுத்தமாகக் கேட்கிறது, அவசரத்தில் பிடித்தால் மட்டும் ஒரு கம்பி செத்துப்போகிறது. நாலைந்து பாட்டு முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க முடிகிறது. அதற்கு மேல் நகரவில்லை. கார்ட் மாறும் இடத்தில் ஸ்ட்ரம்மிங் ஒரு கணம் நின்று, பிறகு ஓடிப்போய்த் தாளத்தைப் பிடிக்கிறது. நடுவில் வரும் சின்ன லீட் (ஒற்றை ஸ்வரங்களாக வரும் மெட்டு) பகுதியில் விரல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. ஆபீஸ், வீடு, பயணம் எல்லாம் போக நாளைக்கு 40 நிமிடம் தேறும். அந்த 40 நிமிடத்தில் என்ன வாசிப்பது?

இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். விரல் எக்சர்சைஸ் போடு, மற்றதெல்லாம் தானாக வரும் என்பார் ஒருவர். மெட்ரோனோமை (நிமிடத்துக்கு இத்தனை பீட் என்று சீராகத் தட்டும் கருவி) மெதுவாக வைத்து நாளுக்கு நாள் ஏற்று என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பாட்டை வாசி, பாட்டிலேயே எல்லாம் இருக்கிறது என்பார். நாலாவதாக ஒரு வழி உண்டு: கஷ்டமான இடங்களை மட்டும் சின்னத் துண்டுகளாக எடுத்து, ஒன்றிலேயே உட்காராமல் மாற்றி மாற்றி வாசிப்பது. நான் இந்த நாலாவது கட்சி. ஆனால் மற்ற மூன்றிலும் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது. சிலருக்கு நாலாவது வழி சரிப்படவும் படாது.

ஒப்பிடுவதற்கு முன்னால் கிட்டாரையே ஒருமுறை சோதித்துவிடுங்கள். எஃப் கார்ட்டை முதல் ஃப்ரெட்டில் பிடிக்கச் சிரமமாக இருந்து, அதே வடிவத்தை 5-ஆம் ஃப்ரெட்டில் வைத்தால் சுலபமாக வருகிறதா? அப்படியென்றால் சந்தேகப்பட வேண்டியது நட்டின் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டை) உயரத்தை. மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மிக மெல்லிய இடைவெளிதான் இருக்க வேண்டும். அகலமாகத் தெரிந்தால் கிட்டார் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து நட்டைத் தேய்த்துக்கொள்ளுங்கள். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பியில் விரல் வழுக்காது. ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்கில் 12 கேஜ் (கம்பியின் தடிமன்) செட் போட்டிருப்பவர்கள் 11-க்கோ 10-க்கோ மாறினால் சத்தம் கொஞ்சம் மெலியும், கை நிறையவே தளரும். இதையெல்லாம் சரிசெய்யாமல் எந்த முறையைப் பிடித்தாலும் பாதி உழைப்பு வீண்.

விரல் எக்சர்சைஸ்

1-2-3-4 என்று நான்கு விரலையும் அடுத்தடுத்த ஃப்ரெட்டில் வைத்து, ஆறு கம்பியிலும் ஏறி இறங்குவது. கிட்டார் கிளாசில் சேர்ந்த அத்தனை பேரும் இதைச் செய்திருப்பார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் சில வாரங்கள் இதனால் நன்மைதான். சுண்டுவிரல் தனியாக அசையக் கற்றுக்கொள்கிறது, ஃப்ரெட்டுக்கு ஒட்டி வைத்தால் குறைந்த அழுத்தமே போதும் என்று தெரிகிறது, வலது கையும் இடது கையும் ஒரே நேரத்தில் சேரப் பழகுகின்றன.

ஒன்றிரண்டு வருடம் ஆனவர் இதையே தினம் 20 நிமிடம் போட்டால் 1-2-3-4 வாசிப்பதில் கெட்டிக்காரர் ஆவார். அவ்வளவுதான். கை அசைவைப் பழகுவது அந்தந்த அசைவுக்கே உரியது, பக்கத்து அசைவுக்கு அது கொஞ்சம்தான் கடன் கொடுக்கும். நீங்கள் தடுமாறும் பாட்டில் நான்கு விரலும் வரிசையாக வரும் இடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். டிவி பார்த்துக்கொண்டே இதை வாசிக்க முடிகிறது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். கவனம் இல்லாமல் வாசிக்க முடிகிற எக்சர்சைஸ் தரவேண்டியதைத் தந்து முடித்துவிட்டது என்று பொருள்.

எக்சர்சைஸ் என்ற வகையையே ஒதுக்கவும் முடியாது. இத்தாலியக் கிட்டார் கலைஞர் மௌரோ ஜூலியானி 1812-இல் வியன்னாவில் வெளியிட்ட 120 வலது கைப் பயிற்சிகள் இன்றும் கிளாசிக்கல் மாணவர்கள் கையில் இருக்கின்றன. அத்தனைக்கும் இடது கையில் இரண்டே கார்ட்தான்: சி, ஜி7. இடது கைக்கு யோசிக்க ஒன்றுமே இல்லாமல் செய்துவிட்டதால் கவனம் முழுவதும் வலது கை விரல்களுக்குப் போகிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த யோசனையைத்தான். ஒரு கஷ்டத்தை மட்டும் பிரித்து எடு, மற்ற எல்லாவற்றையும் சுலபமாக்கு. பாட்டில் ஆர்ப்பெஜியோ (கார்ட்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) தடுமாறினால் அதே வலது கை வரிசையை ஒரே கார்ட்டில் வைத்து ஓட்டுங்கள். கார்ட் மாற்றம் தடுமாறினால் வலது கைக்கு ஓய்வு கொடுத்து, மாற்றத்தை மட்டும் சத்தமில்லாமல் செய்யுங்கள். உங்கள் பாட்டிலிருந்து நீங்களே வெட்டி எடுத்த எக்சர்சைஸ், அச்சில் வந்த எதையும்விட உங்களுக்கு உதவும்.

பொதுவான எக்சர்சைஸ்களில் ஒன்றை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு விரலைக் கம்பியின் மேல் சும்மா வைத்து, அதே கம்பியை மற்ற கையால் மீட்டிக்கொண்டே மெல்ல அழுத்துங்கள். முதலில் மொட்டைச் சத்தம், அப்புறம் இரைச்சல், அப்புறம் சுத்தமான ஸ்வரம். சுத்தமாகக் கேட்டவுடன் நிறுத்துங்கள். அவ்வளவு அழுத்தம்தான் தேவை. பெரும்பாலானோர் அதைவிட வெகு அதிகமாக அழுத்துகிறார்கள், கட்டைவிரல் பின்னால் இறுகி நிற்கிறது, கார்ட் மாற்றம் தாமதமாவதற்குப் பாதிக் காரணம் இந்த இறுக்கம். தினம் இரண்டு மூன்று நிமிடம் இதைச் செய்தால் போதும்.

நீளமாக, வெறியோடு எக்சர்சைஸ் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வலி, மரத்துப்போதல், கூச்சம் எது வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், தொடர்ந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். விரல் வலிக்காமலேயே சொன்னபடி கேட்காமல் போகும் ஒரு கோளாறும் உண்டு, ஃபோக்கல் டிஸ்டோனியா என்பார்கள். அமெரிக்கக் கிளாசிக்கல் கிட்டார் கலைஞர் டேவிட் லைஸ்னர் அதனால் பல வருடம் மேடையை விட்டு விலகியிருந்து, பிறகு மீண்டு வந்தவர்.

மெட்ரோனோம் ஏணி

எல்லா ஆசிரியர்களும் சொல்வது: 60-இல் தொடங்கு, தப்பில்லாமல் வந்தால் 64, அப்புறம் 68. இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. எண் ஏறுகிறது, நோட்டில் குறித்து வைக்கலாம், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பலருக்கு 90-க்கும் 110-க்கும் நடுவே எங்கோ ஒரு சுவர் வருகிறது. மாதக்கணக்கில் அங்கேயே நிற்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். 60 வேகத்தில் ஒரு பீட்டுக்கு நான்கு ஸ்வரம் வாசித்தால் நொடிக்கு நான்கு ஸ்வரம், ஒவ்வொன்றுக்கும் கால் நொடி. அதற்குள் வாசித்ததைக் கேட்டு, அடுத்த விரலை யோசித்து, திருத்திக்கூட வைத்துவிடலாம். 120-இல் நொடிக்கு எட்டு. ஒன்றுக்கு 125 மில்லி நொடிதான். ஒன்றைப் பார்த்து அதற்கேற்பக் கையை அசைக்க மனிதருக்குச் சுமார் 200 மில்லி நொடி ஆகும். ஆக, அந்த வேகத்தில் ஒவ்வொரு ஸ்வரமாகக் கேட்டுத் திருத்தவே முடியாது. நான்கைந்து ஸ்வரங்கள் ஒரே கட்டாக, ஒரே கட்டளையில் வெளியே வர வேண்டும். மெதுவாக வாசிப்பதில் பழகுவது ஒரு வேலை, வேகமாக வாசிப்பதற்கு வேண்டியது வேறு வேலை.

பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து வாசிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். மாற்று அடியில், அதாவது கீழ், மேல், கீழ், மேல் என்று அடிக்கும்போது, கம்பி மாறும் இடத்தைக் கவனியுங்கள். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிக்குப் போகிறீர்கள். கடைசி அடி கீழ்நோக்கி முடிந்தால் பிக் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே நிற்கும். மேல்நோக்கி முடிந்தால், வாசித்த கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும், அதைத் தாண்டி வந்தாக வேண்டும். ஒரு கம்பிக்கு மூன்று ஸ்வரம் வரும் ஸ்கேலில் இந்த இரண்டும் மாறி மாறி வருகின்றன. மெதுவாக வாசிக்கும்போது தாண்டுவதற்கு நேரம் தாராளமாக இருப்பதால் இந்தப் பிரச்சினை தெரியவே தெரியாது. 60-இல் ஆயிரம் தடவை சுத்தமாக வாசித்தாலும் அந்தத் தாண்டலைச் சின்னதாக்கக் கை கற்றுக்கொள்ளாது, அதற்குத் தேவையே வரவில்லையே.

சரி, என்ன செய்வது? ஏணியில் ஏறாமல் தாவிப் பார்க்கலாம். கர்னாடக சங்கீதத்தில் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. தாளம் போடும் வேகம் மாறுவதில்லை. முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. இடையில் படிகள் கிடையாது. இதையே கிட்டாருக்குக் கொண்டுவாருங்கள். மெட்ரோனோமை நீங்கள் அடைய நினைக்கும் வேகத்திலேயே வைத்து, லீட் வரியை முதல் காலத்தில் ஒருமுறை, இரண்டாம் காலத்தில் ஒருமுறை வாசியுங்கள். மூன்றாம் காலத்தில் முழு வரியையும் வாசிக்க வேண்டாம். நான்கு ஸ்வரம் மட்டும், அடுத்த பீட்டில் ஐந்தாவது ஸ்வரத்தில் வந்து இறங்கி நின்றுவிடுங்கள். கையைத் தளர்த்துங்கள். மறுபடி அதே நான்கு. அது சிரமமில்லாமல் வந்தபின் அடுத்த நான்கு, பிறகு இரண்டையும் சேர்த்து எட்டு. முதலில் அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். வேகத்துக்கான அசைவு எது என்பதைக் கை வேகத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தபின் அதே சின்ன அசைவோடு மெதுவாக வாசித்துச் சுத்தம் செய்யலாம்.

மெதுவாக வாசிப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. எந்த விரல் எங்கே, எந்த அடி எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பதற்கு மெதுவான வேகத்தைவிட நல்ல இடமில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும்: வேகம்தான் மெதுவாக இருக்கலாம், விரல் அசைவு மெதுவாக இருக்கக் கூடாது. ஒரு ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த விரல் சட்டென்று போய் இடத்தில் காத்திருக்க வேண்டும். மிதந்து மிதந்து போய் உட்காரும் விரல் வேகம் ஏறினால் உட்காராது.

வேகம் ஏற்றுவதைவிட மெட்ரோனோமுக்கு இன்னொரு நல்ல உபயோகம் இருக்கிறது. ஸ்ட்ரம் பண்ணிப் பாடுபவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். வேகத்தை அப்படியே வைத்து, கிளிக்குகளைக் குறைத்துக்கொண்டே போங்கள். நான்கு பீட்டிலும் அடிப்பது, பிறகு இரண்டிலும் நான்கிலும் மட்டும், பிறகு ஒரு பாருக்கு (இந்த நான்கு பீட் சேர்ந்த ஒரு சுற்றுக்கு) ஒரு கிளிக், பிறகு இரண்டு பாருக்கு ஒன்று. கிளிக் வரும்போது நீங்கள் அங்கே இருக்கிறீர்களா? எண்ணை ஏற்றுவதில் இருக்கும் போதை இதில் கிடையாது, அதனால்தான் யாரும் செய்வதில்லை என்று நினைக்கிறேன்.

பாட்டு மட்டும் வாசிப்பது

இதை விமர்சிக்க மனசு வரவில்லை, ஏனென்றால் கிட்டாரைத் தூக்கிப் பரணில் போடாமல் இருப்பவர்கள் எல்லாரும் பாட்டு வாசிப்பவர்கள்தான். எக்சர்சைஸ் மட்டும் போட்டு ஆறு மாதம் தாங்கியவர்கள் அபூர்வம். ஆனால் இங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு நிமிடப் பாட்டில் உங்களுக்குக் கஷ்டமான இடம் ஆறு நொடி என்று வைத்துக்கொள்வோம். பத்து தடவை வாசித்தால் 40 நிமிடம் போய்விட்டது. கஷ்டமான இடத்தில் செலவானது ஒரு நிமிடம். மிச்சம் 39 நிமிடமும் ஏற்கெனவே தெரிந்ததை வாசித்திருக்கிறீர்கள். அந்த ஒரு நிமிடத்திலும் பத்து தடவையும் ஒரே மாதிரி தடுமாறியிருந்தால் தடுமாற்றத்தைத்தான் பழகியிருக்கிறீர்கள்.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் சக ஆய்வாளர்கள் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இங்கே பொருந்தும். 17 பியானோ மாணவர்களிடம் ஷோஸ்டகோவிச்சின் கான்செர்ட்டோ ஒன்றிலிருந்து மூன்றே பார் கொடுத்து, போதும் என்று அவர்களே நினைக்கும்வரை பழகச் சொன்னார்கள். மறுநாள் வாசிக்க வைத்துத் தரம் பிரித்தார்கள். எவ்வளவு நேரம் பழகினார்கள், எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் மறுநாள் தரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. முதல் இடங்களில் வந்தவர்களும் ஆரம்பத்தில் தப்பு செய்தவர்கள்தான். ஆனால் தப்பு எந்த இடத்தில் என்று சரியாகக் கண்டுபிடித்து, அங்கேயே நிறுத்தி, வேகத்தைக் குறைத்து அந்த இடத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் மேலே போனார்கள். அதே தப்பு திரும்ப வர அவர்கள் விடவில்லை.

பாட்டுக் கட்சிக்கு வலுவான ஒரு வாதமும் உண்டு. கார்ட் மாறும்போது வலது கை நிற்கக் கூடாது என்பதைப் பாட்டு மாதிரி எந்த எக்சர்சைஸும் கற்றுக்கொடுக்காது. பாரின் கடைசி மேல் அடியில் இடது கை மாறிக்கொண்டிருந்து ஓப்பன் கம்பிகள் ஒலித்தாலும் பரவாயில்லை, நல்ல பதிவுகளிலும் இதைக் கேட்கலாம். கேட்பவர் காதில் விழுவது தாளம் நின்றதுதான். தனியாகக் கார்ட் மாற்றம் பழகுபவர்கள் ஒவ்வொரு கார்ட்டும் முழுசாக அமரும்வரை காத்திருப்பதையே பழகிவிடுகிறார்கள்.

துண்டு துண்டாக, மாற்றி மாற்றி

ஷே, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-இல் ஒரு சோதனை செய்தார்கள். கையால் தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் தட்டிவிட வேண்டும், அப்படி மூன்று வரிசைகள். ஒரு குழு ஒரு வரிசையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து பழகியது. பழகும்போது முதல் குழுதான் வேகமாகத் தெரிந்தது. சில நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்தினார்கள். இதே மாதிரி முடிவு அதற்குப் பிறகு பல சோதனைகளில் வந்திருக்கிறது.

காரணம் ஊகிக்கக் கூடியதுதான். ஒரே வரியை 15 நிமிடம் வாசித்தால், மூன்றாவது நிமிடத்திலிருந்து மூளை எதையும் தேடி எடுக்க வேண்டியதில்லை, விரல்கள் இப்போதுதான் செய்ததை மறுபடி செய்கின்றன. ‘ஆஹா, வந்துவிட்டது’ என்று தோன்றும். மறுநாள் காலையில் முதல் தடவை வாசிக்கும்போது வராது. வேறொன்றுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது, அந்த எடுப்பதைத்தான் நாம் பழக வேண்டும். நண்பர்கள் முன்னால் வாசிக்கும்போது முதல் தடவைதான் கிடைக்கும், எட்டாவது தடவைவரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

இசையில் இதைச் சோதித்தவர்களில் கிறிஸ்டின் கார்ட்டரும் ஜெசிகா கிரானும் உண்டு. 2016-இல் வந்த அவர்களுடைய ஆய்வில் பத்து கிளாரினெட் கலைஞர்கள் சில பகுதிகளை ஒரே மூச்சில் 12 நிமிடமும், சில பகுதிகளை மூன்று மூன்று நிமிடமாக மாற்றியும் பழகினார்கள். கேட்டு மதிப்பிட்டவர்களின் தீர்ப்பு கலந்து பழகிய பக்கம் சாய்ந்தது. வித்தியாசம் பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆட்களும் பத்துப் பேர்தான். கிட்டார் இரண்டு மடங்கு வேகமாக வந்துவிடும் என்று யாராவது இதைக் காட்டி விற்றால் நம்ப வேண்டாம். ஆனால் வேறொரு பலன் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மூன்று நிமிடம்தான் என்று தெரிந்தால் எதைச் சரிசெய்யப் போகிறோம் என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கவனம் சிதற நேரமே இல்லை.

என் கணக்கில் 40 நிமிடம் இப்படிப் போகும். முதல் ஐந்து நிமிடம் கை சூடேற, மேலே சொன்ன அழுத்தப் பயிற்சியோடு. அடுத்து நான்கு துண்டுகள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், நான்கும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று, ஆக 24 நிமிடம். பிறகு எட்டு நிமிடம் ஒரு பாட்டை முழுதாக, தப்பு வந்தாலும் நிறுத்தாமல். கடைசி மூன்று நிமிடம் ஒரு பகுதியைப் போனில் பதிவுசெய்து கேட்பது. துண்டு என்றால் இரண்டு பார், மிஞ்சினால் நான்கு. நான்கும் நான்கு விதமாக இருந்தால் நல்லது: ஒரு கார்ட் மாற்றம், ஒரு லீட் வரி, ஒரு ஆர்ப்பெஜியோ, கிளிக்கைக் குறைத்து ஒரு ஸ்ட்ரம்மிங்.

துண்டை எடுத்தால் எங்கே உடைகிறது என்று கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு உதாரணம்: ஏ மைனரிலிருந்து சி-க்கு மாறும்போது அசைய வேண்டியது மோதிரவிரல் மட்டும்தான், ஆள்காட்டியும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஆனால் மூன்று விரலையும் தூக்கி மூன்றையும் மறுபடி வைப்பவர்கள் ஏராளம். அவர்கள் இதை நூறு தடவை வேகமாக மாற்றிப் பழகினாலும் பலன் கம்மி. இரண்டு விரலைத் தூக்காதே என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

இந்த முறை ஒத்துவராத சந்தர்ப்பமும் இருக்கிறது. அசைவே இன்னும் பிடிபடாதபோது கலக்கக் கூடாது. முதல் தடவையாகப் பார் கார்ட் (எஃப் மாதிரி, ஆள்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்கவைத்து அழுத்தும் கார்ட்) பிடிப்பவர் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, எந்தக் கோணத்தில் ஆள்காட்டி விரலைச் சாய்த்தால் எல்லாக் கம்பியும் ஒலிக்கிறது என்று கண்டுபிடிக்கட்டும். ஓரளவு வந்தபின் சுற்றில் சேர்க்கலாம்.

யார் கேட்பது: ஆசிரியரா, ஆப்பா, போனா?

முறை எதுவானாலும் தப்பைக் கண்டுபிடிக்க ஒரு காது வேண்டும். யூசிஷியன் மாதிரி ஆப்கள் போனின் மைக் வழியாகக் கேட்டு, சரியான ஸ்வரம் சரியான நேரத்தில் வந்ததா என்று உடனே சொல்லிவிடும். தாளம் தவறுபவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும். கட்டைவிரல் இறுகியிருக்கிறதா, தோள் தூக்கியிருக்கிறதா, பிக் தேவைக்கு மேல் ஆழமாக இறங்குகிறதா என்று மைக்குக்குத் தெரியாது. டெக்னிக் தேங்கிப்போனவர்களுக்கு அவைதான் விஷயம்.

ஜஸ்டின் சாண்டர்கோவின் இலவசப் பாடங்களை இணையத்தில் பார்த்தவர்களுக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை கார்ட் மாற்றம் என்று எண்ணும் பயிற்சி தெரிந்திருக்கும். ஆரம்பக்காரர்களுக்கு அருமையான சாதனம். இரண்டாம் வருடத்தில் அதை எப்போதாவது சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். வீடியோ பார்த்துக் கற்பவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி: யூட்யூபில் வேகத்தை முக்காலாகவோ பாதியாகவோ குறைத்தால் சுருதி மாறாது, கூடவே வாசிக்கலாம். ஆனால் வீடியோ பார்ப்பது பயிற்சி நேரத்தில் சேராது. சோபாவில் படுத்துக்கொண்டு பார்த்த லெசனையும் கணக்கில் சேர்ப்பவர்களை எனக்குத் தெரியும்.

போன் கேமராவைப் பலர் முகத்துக்கு நேராக வைக்கிறார்கள். வலது கைக்குப் பக்கத்தில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் போன் என்றால், நொடிக்கு எட்டு ஸ்வரம் வாசிக்கும்போதும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் 30 பிரேம் கிடைக்கும். கம்பி மாறும் இடத்தில் பிக் என்ன செய்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும்.

பணம் செலவழிப்பதாக இருந்தால், ஆப்பின் வருடச் சந்தாவைவிட ஆசிரியரிடம் மாதம் ஒன்றிரண்டு வகுப்பு என்பது என் தேர்வு. வாராவாரம் போக வேண்டும் என்பதில்லை. ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். இந்த இரண்டு பார், இந்த வேகத்தில் உடைகிறது, இதோ வீடியோ என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் காரணம் சொல்வார். ‘இன்னும் ப்ராக்டிஸ் பண்ணுங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவரிடம் திரும்பப் போக வேண்டியதில்லை.

இனி யாருக்கு எது என்று பார்த்தால், கிட்டார் வாங்கி ஆறு மாதம் ஆகாதவர்கள் எக்சர்சைஸும் சுலபமான பாட்டும் என்று இருக்கலாம், சுற்று முறைக்கு அவசரமில்லை. பாடிக்கொண்டே ஸ்ட்ரம் பண்ணுவது மட்டும்தான் ஆசை என்றால் துண்டுகளை இரண்டாகக் குறைத்து, மிச்ச நேரத்தைக் கிளிக் குறைக்கும் பயிற்சிக்கும் முழுப் பாட்டுக்கும் கொடுங்கள். ராக், மெட்டல் என்று வேகமான லீட் வாசிக்க நினைப்பவர்கள் நான்கு ஸ்வரத் தாவலை நான்கு துண்டுகளில் இரண்டிலாவது வைக்க வேண்டும், சோர்வு வருவதற்கு முன் முதல் சுற்றிலேயே.

டிரினிட்டி மாதிரி கிரேடு தேர்வுக்குப் போகிறவர்களும் ஆபீஸ் விழாவில் வாசிக்க ஒத்துக்கொண்டவர்களும் கடைசி பத்து நாளில் திட்டத்தை மாற்ற வேண்டும். புதுத் துண்டு எதையும் திறக்காதீர்கள். வாசிக்கப் போகும் வரிசையிலேயே எல்லாவற்றையும் நிறுத்தாமல் ஒருமுறை, கை சூடேறுவதற்கு முன்பே, போன் பதிவு ஓடிக்கொண்டிருக்க வாசியுங்கள். மேடையில் நின்று வாசிக்கப் போகிறீர்கள் என்றால் வீட்டிலும் நின்றுகொண்டே வாசியுங்கள். ஸ்டிராப்பில் கிட்டார் தொங்கும் உயரம் மாறினால் இடது மணிக்கட்டின் கோணமும் மாறிவிடும்.